லேபில் கணினி மக்கர் செய்தால்: ஃபார்மேட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பள்ளி லேபில் லினக்ஸ் போட்ட கணினி ஒன்று மக்கர் செய்தால், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "ஃபார்மேட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுடலாம் சார்." நான் பார்த்துக்கொள்ளும் லேபில் பதினான்கு கணினிகள். எல்லாமே யாரோ நன்றாக உழைக்க வைத்துவிட்டுக் கொடுத்தவை. இதுவரை உண்மையிலேயே மறுபடி நிறுவ வேண்டி வந்தது இரண்டே முறை. இரண்டிலும் ஹார்டு டிஸ்க் செத்துப்போயிருந்தது. மற்ற வழக்குகளில் பிடிபட்ட குற்றவாளிகள்: நாணயம் அளவு பேட்டரி, மின்வெட்டு, பழைய ஃபான்ட், நிரம்பி வழிந்த டிஸ்க்.

கீழே இருப்பது உபுண்டு, லினக்ஸ் மின்ட், பாஸ் போன்ற டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்த பதிப்புகளுக்குப் பொருந்தும். எதைத் தொடுவதற்கு முன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாக் கணினியிலுமா, இந்த ஒன்றில் மட்டுமா? எல்லா யூசருக்குமா, இந்தப் பையனுக்கு மட்டுமா? நேற்று வேலை செய்ததா? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கணினியிலும் 'சோதனை' என்று யாரும் தொடாத ஒரு யூசர் கணக்கு இருக்க வேண்டும். இன்றே உருவாக்கி வையுங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருந்தால் பக்கத்துக் கணினியோடு ஒப்பிட்டே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். கேரளத்தில் பள்ளிகளுக்கென்றே கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனிப் பதிப்பு தருவதில் இந்த வசதியும் இருக்கிறது.

"எந்த சைட்டும் திறக்கல, பாதுகாப்பில்லைன்னு சொல்லுது"

நெட் கேபிளைப் பிடுங்கிச் செருகுவதற்கு முன் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் பின்னால் போயிருக்கிறதா? அவ்வளவுதான் விஷயம். மதர்போர்டில் சிஆர்2032 என்ற பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அது. அது தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கியதும் கணினி தன் பிறந்தநாளுக்குத் திரும்பிவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பின்தங்கிய கடிகாரத்தின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் பிரவுசர் கதவைச் சாத்துகிறது. அப்டேட் மேனேஜரும் இதே காரணத்துக்காக முரண்டு பிடிக்கும்.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் லேபைத் திறக்கும் அன்று இந்தப் புகார் கொத்தாக வரும். தேதியைக் கையால் சரிசெய்து, அமைப்புகளில் நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும்படி விட்டால் அன்றைய வகுப்பு நடக்கும். நிரந்தரத் தீர்வு பேட்டரியை மாற்றுவதுதான். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூட்டல் குறி மேலே பார்க்க வையுங்கள். மாற்றியதும் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) அமைப்புகள் பழைய நிலைக்குப் போகலாம் என்பதால் முதலிலேயே அந்தத் திரைகளைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கடிகாரம் வருடக் கணக்கில் இல்லாமல், சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் இருப்பதன் அடையாளம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. வன்பொருள் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் இடையில் இருப்பதுதான் அந்த ஐந்தரை மணி. வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லிவிட்டால் சண்டை தீரும்.

இதே இரட்டைக் கணினிகளில் இன்னொன்றும் வரும். விண்டோஸ் பகுதியில் இருக்கும் கோப்புகள் லினக்ஸிலிருந்து திறக்கும், ஆனால் சேமிக்க முடியாது. விண்டோஸ் ஷட்டவுன் ஆன மாதிரி நடித்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியின் வேலை அது. விண்டோஸுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். அவசரமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், முழுதாகத் தூங்கிவிடும்.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மேலே போகவே இல்லை

பார்க்கத்தான் பயங்கரம். பெரும்பாலும் முந்தின நாள் மின்வெட்டின்போது கணினி எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கும். கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லும், பக்கத்தில் மின்னும் கர்சரும் இருந்தால் இதுதான். சற்று மேலே, ஒரு பார்ட்டிஷனின் (டிஸ்கில் பிரித்த ஒரு பகுதி) பெயரைச் சொல்லி, கையால் சரிபார்க்கச் சொல்லும் ஆங்கில வரி இருக்கும். இல்லையென்றால் 'எக்ஸிட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள், பெயரைக் காட்டிவிடும். அப்புறம் எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டிய ஒய், இன்னோர் இடைவெளி, அந்தப் பெயர். பெயரைச் சாய்கோடுகள் உட்பட அப்படியே அடிக்க வேண்டும். வரிகள் ஓடி முடிந்ததும் மறுபடி 'எக்ஸிட்'. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் லாகின் திரை வந்திருக்கும்.

ஒரே கணினிக்கு வாராவாரம் இது வந்தால் மென்பொருளைத் துருவாதீர்கள். யூபிஎஸ் பேட்டரி, அதுவும் இல்லையென்றால் டிஸ்க்.

தமிழ் சரியாகத் தெரியவில்லை

இந்தப் புகாருக்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. திரையில் என்ன தெரிகிறது என்று கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது, கணினியில் தமிழ் ஃபான்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழோ லோகித் தமிழோ நிறுவினால் போதும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் கெட்ட செய்தி. யாரோ அதை யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) அல்லாத முறையில் சேமித்து, எழுத்துகள் அப்போதே அழிந்துவிட்டன. எந்த ஃபான்டும் மீட்காது. அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை போலத் தெரிந்தால் அது பழைய குறிமுறை. பள்ளிகளில் மிக அதிகமாக வருவது இதுதான். ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று தெரிந்தால், அது பாமினி என்ற பழைய ஃபான்டில் யாரோ அடித்த 'தமிழ்' என்ற சொல். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முகமூடியின் பெயரைக் கண்டுபிடிக்க, லிப்ரேஆபிஸில் அந்த வரியின் மேல் கர்சரை வைத்து ஃபான்ட் பெட்டியைப் பாருங்கள். கணினியில் இல்லாத ஃபான்டின் பெயர் சாய்வெழுத்தில் நிற்கும். பாமினியா, வானவில்லா என்று தெரிந்துவிடும்.

அச்செடுக்க மட்டும் வேண்டுமென்றால் அனுப்பியவரிடமே பிடிஎஃப் கேட்டுவிடுங்கள். திருத்த வேண்டுமென்றால் பொங்குதமிழ் போன்ற மாற்றி ஒன்றில் ஒட்டி யூனிகோடாக்குங்கள். ஆனால் முழுக் கேள்வித்தாளையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். ஒருமுறை அறிவியல் தாளில் வேதியியல் குறியீடுகள் எல்லாம் தமிழ் உயிர்மெய்களாக வந்து நின்றன. ஆசிரியர் அதைக் கண்டுபிடித்தது அச்சான பிறகு. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் பழைய கேள்வித்தாள் வங்கிகள் இன்னும் பென்டிரைவ் பென்டிரைவாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

"அடிச்சா தமிழ் வரல" / "எழுத்து ஒட்டல"

லினக்ஸில் பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ் என்ற கருவியின் அமைப்புகளில் தமிழைச் சேர்க்கும்போது ஒரு குழி இருக்கிறது. சாதாரணக் கீபோர்டு பட்டியலில் 'தமிழ்நெட் 99' என்று ஒரு பெயர் தெரியும். பெயரைப் பார்த்து அதைச் சேர்த்துவிடுவார்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து தரும் வகை. முன்னால் என்ன அடித்தீர்கள் என்று பார்க்காது, தானாக ஒற்றும் போடாது. வேண்டியது எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பு வழியாக வரும் தமிழ்99 விசைப்பலகை முறை. பட்டியலில் இல்லையென்றால் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். லாக் அவுட் செய்யாமல் "நிறுவிட்டேன், வரலையே" என்று கேட்பவர்கள் அதிகம்.

சரியான தமிழ்99 இருந்தும் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். முதலாவது பிள்ளைகளுக்கு: தானியங்கி ஒற்று. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதில் புள்ளி விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ போதும். இந்த வசதியே 'பப்பாளி'யில் வம்பாகிறது. ப-வை அடுத்தடுத்து அடித்தால் சொல்லே 'ப்ப' என்று விக்கிக்கொண்டு தொடங்கும். முதல் ப-வுக்குப் பின் ஓர் அ-வைத் தட்டி நிறுத்த வேண்டும்: ப, அ, ப, ப, ஆ. வவுனியா, மமதை எல்லாமே இந்தச் சாதி. 1999-இல் வகுத்த விதிதான். ஆனால் வகுப்பில் யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை, குழந்தை சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறது.

இரண்டாவது தடுக்கல் பெரியவர்களுக்கு. பழைய தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர்கள் கொம்பை முதலில் அடித்துப் பழகியவர்கள். இங்கே மெய் முதலில், உயிர் அப்புறம். கொம்புக்குப் பதில் 'எ' தனி உயிராக மெய்க்கு முன்னால் நிற்கிறது என்றால் காரணம் விரலில் இருக்கிறது. அவரை மாற்றச் சொல்லிச் சண்டை போடாமல், அதே பட்டியலில் இருக்கும் டைப்ரைட்டர் முறையை அவர் கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் இல்லை என்கிறது

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது. லிப்ரேஆபிஸின் கால்க் அட்டவணைத் தாளில் ஒன்பதாம் வகுப்புப் பட்டியல். சௌந்தர்யா என்ற பெயர் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் வரவில்லை, மதிப்பெண் தாளோடு இணைக்கும் சூத்திரமும் அந்த ஒரு வரியில் மட்டும் பிழை காட்டுகிறது. பேக்ஸ்பேஸ் அடித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. 'சௌ' ஒரே எழுத்தாக இருக்க வேண்டிய இடத்தில் 'செ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்துகளாக அடித்திருந்தார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது 'செளந்தர்யா', வேறு பெண்.

ஔகாரம் வரும் பெயர்களை எல்லாம் இப்படிச் சோதியுங்கள்: கௌதம், மௌலி, கௌசல்யா. ஆனால் 'ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்' கொடுத்து 'வெள' எல்லாவற்றையும் 'வௌ' ஆக்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். வெள்ளி, வெளியூர், வெள்ளைச்சாமி எல்லாம் நாசமாகும். பெயர் நெடுவரிசையில் மட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

லிப்ரேஆபிஸில் தமிழ் முழுக்கச் சிவப்புக் கோடு. வேர்டில் செய்த தாள் கலைந்து திறக்கிறது

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் மொழி அமைப்புகள். தமிழ், இந்தி, அரபு எல்லாம் அங்கே 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற ஒரே கூடைக்குள் இருக்கும். பெரும்பாலும் அந்தக் கூடைக்கு இந்தி என்று ஒட்டியிருக்கும். தமிழை இந்தி அகராதியில் தேடினால் எல்லாமே பிழைதானே. தமிழ் (இந்தியா) என்று மாற்றி, அதே ஆப்ஷன்ஸில் ரைட்டர் பகுதியில் அடிப்படை ஃபான்டையும் தமிழ் ஃபான்டாக வைத்துவிடுங்கள்.

தாள் கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபான்டின் அகலம்தான். லதா ஃபான்டில் செய்த தாள் நோட்டோவில் திறக்கும்போது வரிகள் நீண்டு, கடைசிக் கேள்வி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதில் லிபரேஷன் செரிஃப் என்று அதே அகலத்தில் கட்டற்ற ஃபான்ட்கள் இருக்கின்றன.

கடவுச்சொல் சரி, ஆனால் லாகின் திரைக்கே திரும்பிவிடுகிறது

'சோதனை' கணக்கில் நுழைந்து பாருங்கள். அதுவும் திரும்பினால் டிஸ்க் நிரம்பிவிட்டது. எங்கள் லேபில் ஒருவன் ஸ்கிரீன் ரெக்கார்டரை ஓடவிட்டு மதிய உணவுக்குப் போய்விட்டான், மறுநாளும் யாரும் நிறுத்தவில்லை. லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, மவுஸாலேயே பெரிய கோப்புகளைத் தேடி நீக்குவது கட்டளை தெரியாதவர்களுக்கு எளிது. குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள், அங்கே இருந்தால் இடம் விடுபடாது.

ஒரு கணக்கு மட்டும் திரும்பினால் அந்த யூசரின் வீட்டு அடைவில், புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற மறைகோப்பு நிர்வாகியின் உடைமையாகிவிட்டதா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே நுழைந்து அந்தக் கோப்பை நீக்கினால் அடுத்த முறை தானாக உருவாகிக்கொள்ளும்.

பிரின்டர் பச்சை விளக்கு காட்டுகிறது, பேப்பர் வரவில்லை

முதலில் பிரின்டர் அமைப்புகளில் அது 'நிறுத்தப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை பேப்பர் சிக்கினாலும் சில கணினிகளில் வரிசையே நின்றுவிடும். டிக் போட்டு எழுப்புங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றில் வேறு கதை. அதன் ஃபர்ம்வேர் (பிரின்டரை இயக்கும் உள் மென்பொருள்) பிரின்டருக்குள் நிரந்தரமாக இருக்காது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் ஏற்ற வேண்டும். அதற்கு எச்பி பிரின்டர்களை லினக்ஸில் இயக்கும் எச்பிலிப் மென்பொருளோடு தனி பிளகின் ஒன்று தேவை. எச்பிலிப் அப்டேட் ஆனதும் பிளகினையும் மறுபடி இறக்க வேண்டும். "நேத்து வரைக்கும் அடிச்சுது" என்ற புகாரின் மூலம் இதுதான். பிளகின் கட்டற்றதல்ல, கொள்கைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். என்ன செய்ய, கேள்வித்தாள் காலை எட்டரைக்கு வேண்டும். அடுத்த பிரின்டர் வாங்கும்போது ஏர்பிரின்ட் ஆதரவு உண்டா என்று கேட்டு வாங்குங்கள், டிரைவர் தொல்லையே இருக்காது.

சில்லறைப் புகார்கள்

ஹெட்ஃபோனில் சத்தமில்லை என்றால் ஒலி அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐ-க்குப் போயிருக்கும், மாற்றுங்கள். வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் திறந்த மாதிரி காட்டி மூடிக்கொண்டால் பழைய கிராஃபிக்ஸால் முடியவில்லை என்று அர்த்தம். பழைய பதிப்பைப் போடுங்கள், அல்லது பிரவுசரில் ஓடும் பதிப்பைக் காட்டி வானத்தைப் பாடம் எடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'பூட்டு கிடைக்கவில்லை' என்று வந்தால் பின்னால் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. காத்திருங்கள், பவர் பட்டனை அழுத்தாதீர்கள். பதினான்கு கணினியும் காலையில் ஒரே போன் ஹாட்ஸ்பாட்டில் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால் அன்றைய டேட்டா ஒன்பதரைக்கே காலி. தானியங்கியை அணைத்துவிட்டு சனிக்கிழமை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். எல்லாம் மெதுவாக இருந்தால் 2 ஜிபி ராமில் பிரவுசரில் பத்து டேப் ஓடாது; எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள், பணம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ராம்.

கீழே இருக்கும் பட்டையைக் காணோம் என்பது வாரம் ஒருமுறை வரும். எவனோ வலது கிளிக் செய்து நீக்கியிருப்பான். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்றால், அந்த யூசரின் மறைந்த கான்ஃபிக் அடைவில் எக்ஸ்எஃப்சிஇ4 என்ற அடைவின் பெயரை மாற்றிவிட்டு, லாக் அவுட் செய்து வந்தால் புதுப்பட்டை. எங்கள் லேபில் இந்த வேலை இப்போது என்னிடம் வருவதில்லை, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள்.

எப்போது உண்மையிலேயே மறுபடி நிறுவுவது

கோப்பைத் திறக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம், எஃப்எஸ்சிகே கொடுத்த மறுநாளே மறுபடி கறுப்புத் திரை, 'டிஸ்க்ஸ்' கருவியில் ஸ்மார்ட் சோதனை 'டிஸ்க் பழுதாகப் போகிறது' என்று சொல்வது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் போராடாதீர்கள். மாற்று டிஸ்க் வரும் வரை அந்தக் கணினியை ஓட்டவே வேண்டாம். லைவ் யூஎஸ்பியில் ஒரே ஒரு முறை பூட் செய்து, முதலில் மாணவர்களின் டாக்குமென்ட்ஸ் அடைவுகளை வெளியே எடுங்கள். படங்களும் பாட்டும் அப்புறம்.